இரண்டு மரங்கள் வேண்டும்

ஐடஹோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்து பேசினால் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபடும். துப்பாக்கியைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அது பத்து நிமிடப் பேச்சு. மிச்சமெல்லாம் முட்டி, முதுகு, ஈரமான சாக்ஸ், ராத்திரித் தூக்கம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து இருட்டில் மலைச்சரிவு ஏற வேண்டும். ஏறி முடித்ததும் அசையாமல் இரண்டு மணி நேரம் பைனாகுலரில் எதிர்ச்சரிவைத் துழாவ வேண்டும். மூன்று இரவு ஒழுங்காகத் தூங்காதவனால் இது முடியாது. முடிந்தாலும் அவன் விசையை இழுக்கக் கூடாது என்பார்கள். கை நடுங்கிச் சுட்ட குண்டு விலங்கின் வயிற்றில் பட்டால் அது சாவதற்குப் பல மணி நேரம் ஆகும். தேடிப் போனாலும் கிடைக்காமல் போகலாம். படுக்கையைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இவ்வளவு மரியாதை இருப்பதற்கு இதுதான் காரணம்.

நான் வேட்டைக்காரன் இல்லை. பாய்சி நகரத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், சிப் வடிவமைப்பு வேலை. என்னிடம் துப்பாக்கியும் கிடையாது, வேட்டை அனுமதிச் சீட்டும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வேட்டைக்காரர். வயது 66. ஒவ்வொரு அக்டோபரிலும் மலைக்குப் போவார், சில வருடம் வெறுங்கையோடு திரும்புவார், சில வருடம் ஃப்ரீசர் நிறையும். நிறைகிற வருடங்களில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். என் மனைவி அதை மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்கா வறுப்பாள். அதற்காகவே அவர் சாயங்காலம் வேலியோரம் வந்து நின்று வானிலை பற்றிப் பேசத் தொடங்குவார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அவரோடு எப்போதும் போகும் நண்பர் மொன்டானாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். போன கோடையில் ஒருநாள் வேலியோரம் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "கிட், நீ வர்றியா? நீ சுட வேண்டாம். தூக்கினாப் போதும்." எனக்கு 41 வயது. அவருக்கு நான் கிட்தான்.

அவருடைய மனைவி போட்ட நிபந்தனை ஒன்று உண்டு. தரையில் படுக்கக் கூடாது. போன வருடம் தோட்டத்தில் டென்ட் போட்டு ஒத்திகை பார்த்தபோது, காலையில் அவரால் எழுந்து வெளியே வர முடியவில்லை. தவழ்ந்து வாசல் வரை வந்து, அங்கே கையை ஊன்றி நின்றுவிட்டார். அவரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். அந்த முகத்தை நான் பார்த்தேன். வலியைவிட வேறு ஏதோ அதில் இருந்தது.

அதனால் படுக்கையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "நீ இன்ஜினியர்தானே" என்றார்.

*

போகிற இடம் ஃபிராங்க் சர்ச் காட்டுப்பகுதி. முழுப் பெயரில் 'திரும்பி வராத நதி' என்றும் சேர்த்து அழைப்பார்கள். சால்மன் நதிக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்கப் பெருநிலத்தில் தொடர்ச்சியாகக் கிடக்கும் பாதுகாக்கப்பட்ட காட்டுவெளிகளில் மிகப் பெரியது இதுதான், 20 லட்சம் ஏக்கருக்கு மேல். 1980-இல் அறிவிக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட செனட்டரின் பெயரை 1984-இல் சேர்த்தார்கள். எந்தப் பள்ளத்தாக்கு என்று எழுத மாட்டேன். வேட்டைக்காரர்கள் இடம் சொல்வதில்லை. கூடப் போய்ச் சுமந்தவனுக்கும் அந்த விதி உண்டு.

இந்தக் காட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: 1964-ஆம் வருடத்துச் சட்டப்படி உள்ளே இயந்திரம் கூடாது, சக்கரமும் கூடாது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக்கூட உள்ளே தள்ள முடியாது. குதிரை கொண்டு போகலாம். குதிரை இல்லாதவனுக்கு இரண்டு கால்.

இந்த விவரத்தை ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு எல்க் என்றால் புரியவில்லை.

"நம்ம மிளா மாதிரிம்மா. அதோட இன்னும் பெருசு. ஆண் ஒண்ணு முந்நூறு கிலோ இருக்கும்."

"மிளாவச் சுட்டா இங்க பிடிச்சு உள்ள போட்டுருவானே."

"இங்க சீட்டு வாங்கிட்டுச் சுடலாம். ஒரு சீட்டுக்கு ஒண்ணு."

"சரி, சுட்டுட்டு?"

"கறியை வெட்டி எடுத்துட்டு வரணும். எலும்பெல்லாம் கழிச்சாலும் தொண்ணூறு, நூறு கிலோ தேறும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அத யாருல சுமக்கிறது?" என்றாள்.

பல மாதமாக நான் படித்த எல்லாவற்றையும் அந்தக் கேள்வி ஒரு வரியில் அடைத்துவிட்டது. சாதாரண மலையேறி எடை பார்ப்பது தன் முட்டிக்காக. வேட்டைக்காரன் எடை பார்ப்பது வேறு கணக்கு. அவன் உள்ளே போகும்போது முதுகில் இருப்பது வெளியே வரும்போதும் இருக்கும், கூடவே ஒரு விலங்கும் இருக்கும். சாப்பிடக்கூடிய இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கொன்ற பிறகு பாதியை அழுகவிட்டு வருகிறவனோடு அடுத்த வருடம் யாரும் போகமாட்டார்கள்.

கணக்கு எளிது. அவரால் 15 கிலோவுக்கு மேல் முடியாது. டாக்டர் சொன்னது பத்து, அவர் ஒப்புக்கொண்டது பதினைந்து. என்னால் 30. சாலை முடியும் இடத்திலிருந்து முகாமுக்கு 7 கிலோமீட்டர். இருவரும் சேர்ந்து ஒரு நடைக்கு 45 கிலோ. கறிக்கு மட்டும் இரண்டு நடை போதாது, சாமானையும் சேர்த்தால் மூன்று. சுமையோடு மூன்று முறை, வெறுமுதுகோடு இரண்டு முறை, மொத்தம் 35 கிலோமீட்டர், 2,100 மீட்டர் உயரத்தில். படுக்கையும் கூரையும் சேர்ந்து ஆளுக்கு ஐந்து கிலோ ஆகிவிட்டால் மூன்றாவது நடை நிரம்பி வழிந்து நாலாவது நடை வரும். நாலாவது நடை என்பது இன்னொரு நாள். இன்னொரு நாள் என்பது வெயிலில் இன்னும் சில மணி நேரம் கறி காத்திருப்பது.

*

முதலில் பார்த்தது மடக்குக் கட்டில். அவரிடமிருந்த பழைய இரும்புக் கட்டில் எட்டு கிலோ, அது குதிரைக் காலத்துச் சாமான். இப்போது ஒன்றேகால் கிலோவில்கூட அலுமினியக் கட்டில் கிடைக்கிறது. ஆனால் அது தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். படுப்பதற்கு நல்லது, எழுவதற்கு உதவாது. அவருடைய பிரச்சினை படுப்பதில் இல்லை, எழுவதில் இருந்தது. ராத்திரி இரண்டு முறை எழுந்து போக வேண்டிய வயது. கட்டிலுக்கு மேல் ஒரு டென்ட்டும் வேண்டும், அதன் வாசலில் மறுபடி குனிந்து தவழ வேண்டும்.

ஹாமக்கை யோசிக்கத் தொடங்கியது அங்கேதான். சரியாகக் கட்டினால் உட்கார்ந்தபின் அது நாற்காலி உயரத்தில் இருக்கும். காலை வெளியே போட்டால் பாதம் தரையில் படும். ஊன்றி எழ வேண்டாம், நாற்காலியிலிருந்து எழுவதுபோல எழலாம். பூட்ஸ் போடுவதும் கழற்றுவதும் உட்கார்ந்தபடியே.

ஹாமக் என்ற சொல் கரீபியத் தீவுகளின் டைனோ மக்களிடமிருந்து வந்தது. அவர்கள் பருத்தி வலையை இரண்டு பக்கமும் கட்டி அதில் தூங்கினார்கள். 1492-இல் போன கொலம்பஸின் ஆட்கள் அதைக் கண்டு, எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டின் முடிவுக்குள் ஆங்கிலேயக் கடற்படை மாலுமிகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. கப்பல் ஆடும்போது கட்டில் ஆளை உருட்டிவிடும், தொங்குவது கப்பலோடு சேர்ந்து ஆடும். பறித்துக்கொண்ட மக்களிடமிருந்து பறித்த பொருள்களில் இதுவும் ஒன்று என்பதை, நைலான் ஹாமக்கை ஆயிரக்கணக்கில் விற்கும் கடைகளில் எங்கும் எழுதியிருக்காது.

அம்மாவிடம் இதையும் சொன்னேன். சிரித்தாள். "நாப்பது வயசுல தொட்டில்ல தூங்கப் போறியாக்கும்?" பிறகு கொஞ்சம் அக்கறையாக: "நூல் சேலையாப் பாத்துக் கட்டு. நைலக்ஸ் சேலை வழுக்கிட்டுப் போவும்."

சேலைத் தொட்டிலுக்கும் ஹாமக்குக்கும் உறவு கிட்டத்தில்தான். ஆனால் பொறியியல் வேறு. தொட்டில் ஒரே உத்திரத்திலிருந்து, ஒரே புள்ளியில் தொங்குகிறது. பிள்ளையின் எடை என்னவோ அதுதான் கயிற்றின் சுமை. ஹாமக்கை இரண்டு மரங்கள் பக்கவாட்டில் இழுக்கின்றன. ஆளுக்குப் பாதி எடை என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியில்லை. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால் ஒவ்வொரு கயிறும் படுத்திருப்பவரின் முழு எடையைத் தாங்குகிறது. அவர் 90 கிலோ என்றால் இந்தப் பக்கமும் 90, அந்தப் பக்கமும் 90. கயிற்றை விறைப்பாக இழுத்து 10 பாகையில் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 260 கிலோ. தொய்வு பயமாகத் தெரியும், விறைப்பு பத்திரமாகத் தெரியும். உண்மை தலைகீழ். சினிமாவில் தென்னைமரங்களுக்கு நடுவே கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முடிச்சின்மேல்தான் கண் போகிறது.

தொய்வாகக் கட்டினால் முதுகு வில்லாக வளையாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நேர்கோட்டில் படுத்தால் வளையும். மெக்சிகோவின் யுகட்டான் பக்கம் தலைமுறைகளாக ஹாமக்கில் தூங்குகிறவர்கள் நேராகப் படுப்பதில்லை, குறுக்காக, மூலைவாட்டில் படுப்பார்கள். தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். அப்போது துணி உடம்புக்கடியில் கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். இதற்கு நீளம் வேண்டும். கடைகளில் பூங்காவுக்கென்று விற்கும் ஒன்பது அடித் துணியில் ஆறடி மனிதர் மூலைவாட்டில் படுக்க முடியாது. 11 அடித் துணி வேண்டும். அதன் இரு முனைகளுக்கும் நடுவே மேலே ஒரு மெல்லிய கயிறு, துணியின் நீளத்தில் 83 சதவீதம், அதாவது 278 சென்டிமீட்டர். அந்தக் கயிறு இருந்தால் மரங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் துணியின் தொய்வு மாறாது. வீட்டிலும் காட்டிலும் ஒரே படுக்கை. கண்ணாடியையும் தலைவிளக்கையும் அதில் தொங்கவிடலாம் என்பது உபரி.

முனைகளில் குறுக்குக் கட்டை வைத்த, படங்களில் அழகாக விரிந்திருக்கும் ஹாமக் வேண்டாம். அது கவிழும். நம் தொட்டில் கம்பு பிள்ளையின் முகத்தில் சேலை மூடாமலிருக்க வைப்பது, அங்கே அது சரி.

கொசுவலை உள்ளதா இல்லாததா என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. அக்டோபரில் அந்த உயரத்தில் கொசு இல்லை.

கட்டும் பட்டையில் மட்டும் இருவருக்கும் வேறு வேறாக வாங்கினேன். பட்டை பாலியெஸ்டராக இருக்க வேண்டும், நைலான் பட்டை ராத்திரி முழுக்க மெல்ல நீண்டு விடியும்போது ஆளைத் தரையில் உட்கார வைத்துவிடும். அம்மாவின் நைலக்ஸ் எச்சரிக்கை முழுக்கத் தப்பில்லை. அகலம் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். பட்டைக்கும் ஹாமக்குக்கும் நடுவே டைனீமா இழையில் திரித்த, தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் சுருக்குக் கயிறு ஒன்று உண்டு. எடையே இல்லை, பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். எனக்கு அது. அவருக்கு இரும்பு வளையம் போல இறுகும் கொக்கி வைத்த பட்டை, நூறு கிராம் கூடுதல். அவருடைய விரல் மூட்டுகள் குளிரில் மடங்காது. விடியற்காலை உறைபனியில் கையுறையோடு அவிழ்க்க முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி, அதை எடைத் தராசு சொல்லாது.

*

குளிர். இதைத்தான் ஹாமக் விற்பவர்கள் சின்ன எழுத்தில் போடுகிறார்கள்.

தரையில் படுத்தால் குளிர் தரையிலிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தொங்கினால் தரை இல்லையே, குளிர் எப்படி வரும் என்று தோன்றும். காற்றிலிருந்து வரும். ஸ்லீப்பிங் பேக்கில் உள்ள வாத்து இறகு சூடு கொடுப்பதில்லை, அது காற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மேலே படுத்து நசுக்கிவிட்டால் பிடித்துவைக்க அங்கே காற்றே இல்லை. அப்புறம் முதுகுக்கும் வெளியே வீசும் மலைக்காற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணி மட்டும். செப்டம்பர் கடைசியில் தோட்டத்தில், 8 டிகிரியில், வேண்டுமென்றே நல்ல ஸ்லீப்பிங் பேக்கோடு மட்டும் படுத்துப் பார்த்தேன். நெஞ்சு வியர்த்தது, பிட்டம் மரத்துப்போனது. நாற்பது நிமிடம் தாங்கினேன். நாங்கள் போகும் இடத்தில் மைனஸ் ஐந்தாவது இருக்கும்.

தீர்வு, போர்வையை ஹாமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுவது. அடிப்போர்வை என்று நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம். உடம்பு அதை நசுக்காது, அதனால் இறகு உப்பியபடியே இருக்கும். ஆனால் அது முதுகை ஒட்டித் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் குளிர்காற்று உள்ளே புகுந்து சுற்றும், இறுக்கினால் இறகு அமுங்கிவிடும். படுத்திருப்பவரால் இதைச் சரிபார்க்க முடியாது. அவர் படுத்திருக்க, நான் மெக்கானிக் மாதிரி அடியில் மல்லாந்து கிடந்து, இரண்டு துணிகளுக்கும் நடுவே கையை விட்டுத் தடவித் தடவிக் கயிற்றைத் தளர்த்தினேன். அவர் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து, "ஆயிலும் மாத்திடு!" என்று கத்தினார்.

இறகா செயற்கை இழையா என்பதில் இறகையே எடுத்தோம். நனைந்தால் இறகு செத்துவிடும், செயற்கை இழை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதே சூட்டுக்குச் செயற்கை இழை கனம் அதிகம், சுருட்டினால் பையில் பாதியை அடைக்கும். ஐடஹோ மலைகளின் காற்று வறண்டது. மழைக்காடு என்றால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஹாமக், பட்டை, அடிப்போர்வை, மேல்போர்வை, தார்ப்பாய், முளைகள், மரமில்லாத இடத்துக்கு முன்னெச்சரிக்கையாக 350 கிராமில் ஒரு நுரைப்பாய்: ஆளுக்கு 2.8 கிலோ. இலேசான டென்ட், காற்றடைத்த மெத்தை, ஸ்லீப்பிங் பேக் என்று போனாலும் கிட்டத்தட்ட இதே எடைதான் வந்திருக்கும். ஹாமக் என்றால் எடை குறைவு என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கோடையில் உண்மை. குளிரில் அது சரிசமம், அவ்வளவுதான். இதை அவரிடம் சொன்னபோது, "அப்போ எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார். நான் அவருடைய முதுகைப் பார்த்தேன். அவரும் புரிந்துகொண்டு வேறு எதையோ பேசினார்.

தோட்டத்தில் மூன்று இரவு ஒத்திகை. முதல் ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குள் போய்விட்டார். இரண்டாம் ராத்திரி மூன்றரைக்கு. மூலைவாட்டில் படுப்பது எளிதாகச் சொல்லப்படுகிறது; வாழ்நாளெல்லாம் நேராகப் படுத்த உடம்பு தூக்கத்தில் தானாக நடுக்கோட்டுக்கு வந்துவிடும். கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டியபின் அவர் வழுக்கி இறங்குவது நின்றது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் காபியோடு போனபோது ஹாமக்கில் உட்கார்ந்திருந்தார், கால் தரையில். தானாக எழுந்து நின்று காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

*

தார்ப்பாயின் நிறத்தில் எங்களுக்குள் சின்னச் சண்டை. அவருக்குப் பழுப்பு அல்லது பச்சை. காட்டில் கலந்துபோக வேண்டும் என்பது அவருடைய தலைமுறையின் பாடம். நான் ஆரஞ்சு கேட்டேன். மான் இனத்துக்கு நம்மைப்போல மூன்று வண்ண உணரிகள் கண்ணில் இல்லை, இரண்டுதான். ஆரஞ்சு அவற்றுக்கு மங்கலான ஒரு நிறமாகத்தான் தெரியும், நீலம்தான் உறுத்தும். ஆரஞ்சை எல்க் கண்டுகொள்ளாது, இன்னொரு வேட்டைக்காரர் கண்டுகொள்வார். சுமையோடு இருட்டில் திரும்பும் நானும் கண்டுகொள்வேன். கடைசிக் காரணம்தான் அவரை அசைத்தது. சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர், பதினோரு அடி. நைலான் நனைந்தால் தொய்ந்து, நடுராத்திரி எழுந்து மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

கரடி பற்றி எல்லோரும் கேட்டார்கள். தொங்கும் படுக்கை கரடிக்குக் கட்டிவைத்த கொழுக்கட்டை என்று அலுவலகத்தில் ஒருவன் சொன்னான். கரடிக்கு டென்ட் துணியும் இலைதான், ஹாமக் துணியும் இலைதான். அது வருவது வாசனைக்கு. சாப்பாட்டையும் கறியையும் தூங்குமிடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, எட்டாத உயரத்தில் கட்டிவைக்க வேண்டும். இதற்கும் படுக்கைக்கும் சம்பந்தமில்லை.

மரத்துக்கும் படுக்கைக்கும்தான் சம்பந்தம்.

அந்த மலைகளில் லாட்ஜ்போல் என்னும் ஊசியிலைப் பைன் காடு காடாக நிற்கிறது. பெயரே அதன் நேரான தண்டிலிருந்து வந்தது, பூர்வகுடிகள் கூடாரக் கம்புக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அதன் கூம்புகளில் பல பிசினால் மூடிக்கிடக்கும். தீ வந்தால்தான் திறந்து விதை சிந்தும். அதனால் எரிந்த இடத்தில் ஒரே வயதில் அடர்த்தியாக முளைக்கும். நாலைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு மரம், ஒரு ஜாண் தடிமன், ஹாமக்குக்கென்றே நட்டுவைத்தது போல இருக்கும். இந்த நூற்றாண்டின் முதல் பத்து, பதினைந்து வருடங்களில் மலைப்பைன் வண்டு மேற்கு அமெரிக்கா முழுக்கப் பெருகியது. அரிசிமணி அளவு பூச்சி. பட்டைக்கடியில் துளைத்து முட்டையிடும், கூடவே ஒரு பூஞ்சையையும் கொண்டுவரும், மரத்தின் நீரோட்டம் அடைபடும். முன்பெல்லாம் கடும் குளிர்காலம் அதன் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர்காலங்கள் இதமானபோது அவை பிழைத்தன. கோடிக்கணக்கான மரங்கள் நின்றபடியே செத்தன. செத்தவை வருடக்கணக்காக நிற்கும், வேர் அழுகியபின் ஒரு காற்றில் சாயும். விழும்போது பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துச் சாய்க்கும்.

இப்படி நிற்கும் பட்டமரத்துக்கும், முறிந்து மேலே சிக்கிக்கிடக்கும் கிளைக்கும் மரம்வெட்டிகள் வைத்த பெயர் விடோமேக்கர். மனைவியை விதவையாக்குவது. டென்ட் போடுகிறவனும் அதைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அவன் வெட்டவெளிக்குப் போய்விடலாம். ஹாமக்காரன் மரங்களுக்கு நடுவில்தான் படுத்தாக வேண்டும். போதாததற்கு அவன் தன் எடைக்கு எடை ஒவ்வொரு மரத்தையும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டும் இருக்கிறான்.

முகாமுக்கு அவர் நினைத்துவைத்திருந்தது ஒரு புல்வெளியின் ஓரம். இருபது வருடமாக அங்கேதான் தங்கியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. தண்ணீர் பக்கத்தில், எதிர்ச்சரிவு முழுக்கக் கண்ணுக்கு முன்னால். அவர் பையை இறக்கி, "இதுதான்" என்றார். நான் அண்ணாந்து பார்த்தபடி சுற்றி வந்தேன். ஊசியிலை சிவந்து உதிர்ந்த மரங்கள், பட்டை உரிந்து சாம்பல் நிறத்தில் நின்றவை. தண்டில் பாப்கார்ன் மாதிரி பிசின் கட்டி, அடியில் மரத்தூள். வண்டின் கையெழுத்து. பச்சையாக நின்ற இரண்டு மரங்களுக்கும் எட்டும் தூரத்தில் ஏழு பட்டமரங்கள் எண்ணினேன்.

"இங்க வேண்டாம்" என்றேன்.

"இருபது வருஷமா..."

"இருபது வருஷத்துக்கு முன்னாடி இதெல்லாம் உயிரோட இருந்துச்சு."

அவர் அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலித்திருக்கும். அந்த மரங்களை இளையவையாக அவருக்குத் தெரியும். பிறகு ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்து மாட்டினார். அந்தப் பையை மறுபடி மாட்டுவது அவருக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அரைமணி நேரம் கீழே இறங்கி, ஓடையின் வளைவில் டக்ளஸ் ஃபர் மரங்கள் நின்ற ஒரு திட்டைக் கண்டோம். தடித்த பட்டை, பச்சைத் தலை. தண்டை உள்ளங்கையால் தள்ளி, மேலே நுனி ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆறு மரம் வேண்டியிருந்தது: இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு, கீழ்க்காற்றில் தள்ளி இரண்டு கறிக்கு, அது கிடைத்தால்.

இரண்டாம் ராத்திரி காற்றடித்தது. ஹாமக் ஆடவில்லை, தார்ப்பாய்தான் படபடத்தது. மேலே புல்வெளிப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட முறிவுச் சத்தம், சற்றுப் பொறுத்து இன்னொன்று. "கேட்டியா?" என்றார் இருட்டிலிருந்து. கேட்டேன் என்றேன்.

நான்காம் நாள் காலை அவர் ஒரு முறை சுட்டார். அறுபதடி ஓடி விழுந்தது. போய் நின்றபோது அவர் தொப்பியைக் கழற்றினார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அதன் கழுத்தில் கை வைத்தேன், சூடாக இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத வரவில்லை. நான்கு மணி நேர வேலை. குடலைத் திறக்காமலே தோலை உரித்துத் தொடைகளையும் முதுகுக் கறியையும் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அவர் மண்டியிட முடியாததால் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். பின்தொடை மூட்டுக் கிண்ணத்தைச் சுற்றி உள்ள கறிதான் முதலில் கெடும், அதனால் எலும்பை அங்கேயே கழித்துத் துணிப்பைகளில் போட்டோம். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் முகாமுக்குக் கொண்டுவந்து, அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே கழி கட்டித் தொங்கவிட்டோம். ராத்திரி மைனஸ் நாலு. கறிக்கும் அது நல்ல ராத்திரி.

அடுத்த இரண்டு நாள் நடந்ததைச் சுமந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுமக்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. மூன்று நடை. நாலாவது இல்லை. நடுவில் ஒரு பிற்பகல் அவர் பதினைந்து கிலோவோடு வந்து, ஹாமக்கில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, அப்படியே பின்னால் சாய்ந்து காலை உயர்த்திப் போட்டார். நான் அவருடைய பையிலிருந்த கறியை என் பைக்கு மாற்ற ஆரம்பித்தேன். கண்ணை மூடியபடியே, "அதைத் தொடாதே" என்றார்.

கடைசி நடையில் லாரியின் பின்கதவைச் சாத்திவிட்டு, பிடுங்கிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு நுரைப்பாய்களும் சரிவில் உட்கார்ந்து பைனாகுலர் பார்க்க மட்டும்தான் பயன்பட்டன. ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார்.

"அடுத்த வருஷம் இதை வீட்டுலயே விட்டுட்டு வரலாம், இல்ல?"

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கிழக்குச் சரிவில் எரிந்த பக்கமாகப் போனால் கட்டுவதற்கு மரம் இருக்காது.